வேட்டை ரைஃபிள் தோட்டாவுக்கு மருந்து தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரீலோடிங், அதாவது தோட்டாவை நாமே நிரப்பும் வேலைக்கான பொருட்கள் விற்கும் அலமாரியில் 4350 என்ற எண் போட்ட மூன்று டப்பாக்களைப் பார்க்கலாம்: ஹாட்ஜ்டன் ஹெச் 4350, ஐ.எம்.ஆர். 4350, அக்யூரேட் 4350. எண் ஒன்றுதான், மருந்து (குண்டைத் தள்ளும் வெடிமருந்து) மூன்று. எரியும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றுக்கு எழுதிய அளவை இன்னொன்றில் போடக் கூடாது. 4831 என்ற எண்ணிலும் இதே சிக்கல். ஹெச் 4831, ஐ.எம்.ஆர். 4831-ஐவிட மெதுவாக எரியும். மெதுவானதற்கு எழுதிய உச்ச அளவை வேகமானதில் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டிவிடும். இதற்கு நேர்மாறாக, வெவ்வேறு பெயரில் ஒரே மருந்தும் விற்கப்படுகிறது. ஹாட்ஜ்டன் ஹெச் 414, வின்செஸ்டர் 760 இரண்டும் ஒன்றே. ஆஸ்திரேலியாவில் ஏ.டி.ஐ. நிறுவனம் ஏ.ஆர். 2209 என்று விற்பதுதான் மற்ற இடங்களில் ஹெச் 4350.

ஆக, பெயரையும் புகழையும் வைத்து மருந்து வாங்க முடியாது. கூடு (மருந்தைத் தாங்கும் உலோக உறை), குழல், குண்டு, நீங்கள் சுடப்போகும் வானிலை ஆகிய நான்கும்தான் தீர்மானிக்கின்றன. வேட்டைக்கு என்று வரும்போது என் கருத்து உறுதியானது: மிக அதிக வேகம் தரும் மருந்தைவிட, பனியிலும் வெயிலிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் மருந்தே மேல். முதல் குண்டு நினைத்த இடத்தில் பட வேண்டும், விலங்கு துடிக்காமல் விழ வேண்டும். அந்தப் பொறுப்பு டப்பாவைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

கூட்டைச் சீராக்குவது, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைப்பது, குண்டு பொருத்துவது போன்ற அடிப்படைகள் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்தனை கிரெய்ன் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சிறிய எடை அளவு) போடுங்கள் என்று எங்கும் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான். அந்த எண்களை அச்சிட்ட லோடிங் மேனுவல் என்ற கையேட்டிலிருந்தோ மருந்து தயாரிப்பாளரின் தரவிலிருந்தோ மட்டுமே எடுக்க வேண்டும். மருந்து வாங்குவது, வைத்திருப்பது, தோட்டா நிரப்புவது பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

கூட்டுக்குள் என்ன நடக்கிறது

1884-இல் பிரான்சில் பால் வியேய் நைட்ரோசெல்லுலோஸிலிருந்து புகையில்லா மருந்தை உருவாக்கினார். இரண்டு ஆண்டில் லெபெல் ரைஃபிள் அதை வைத்துப் படைக்கு வந்தது. அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை. நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் உள்ளது ஒற்றை அடிப்படை மருந்து. அதோடு நைட்ரோகிளிசரின் சேர்ந்தது இரட்டை அடிப்படை மருந்து. பழைய கரிமருந்து வேறு சாதி. அதையும் இதையும் கலப்பதும், ஒன்றின் அளவை மற்றதற்குப் பயன்படுத்துவதும் உயிருக்கே ஆபத்து.

புகையில்லா மருந்து சரியான முறையில் பற்றும்போது மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. மொத்தமாக ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. சுள்ளி சட்டென்று எரிந்து முடியும், கட்டை நின்று எரியும். மணிகளின் அளவும் வடிவமும் இங்கே அதே வேலையைச் செய்கின்றன. குச்சி வடிவ மணியின் நடுவே ஓடும் துளை இன்னும் நுட்பமான ஏற்பாடு: வெளிப்பக்கம் எரிந்து சுருங்கச் சுருங்க, உள்துளை எரிந்து அகலமாகிறது. அதனால் எரியும் பரப்பு பெரிதாகக் குறையாமல் இருக்கிறது. இது போக, தொடக்கத்தில் எரிதலைக் கட்டுப்படுத்த மணிகளின் மேல் ஒரு ரசாயனப் பூச்சும் இருக்கும்.

ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். அதனால்தான் அளவில் நேரும் சின்னப் பிசகு, அழுத்தத்தில் பெரிய பிசகாக வெளிப்படுகிறது.

படி 1: மருந்துக்கு முன்னால் குண்டு

பலர் மருந்தை வாங்கிவிட்டு அதற்கு ஏற்ற குண்டைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழ். என்ன விலங்கு, எவ்வளவு தூரம் என்பது முதலில். அதற்கு ஏற்ற குண்டு அடுத்து. குண்டின் எடை, மாடல், அது ஈயக் கரு கொண்டதா முழுச் செம்பா என்பது வரை முடிவான பிறகே மருந்துக்கு வர வேண்டும்.

முழுச் செம்புக் குண்டு என்றால் கூடுதல் கவனம் தேவை. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பின் அடர்த்தி சுமார் 8.9. ஆக, அதே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். அந்த நீளம் கூட்டுக்குள் இறங்கி மருந்துக்கான இடத்தைச் சாப்பிடும், குழலோடு உரசும் விதத்தையும் மாற்றும். ஈயக் கருக் குண்டுக்கு எழுதிய அளவை, எடை ஒன்றுதானே என்று செம்புக்குப் போடாதீர்கள். அந்தக் குண்டுக்கென்று வந்த தரவைத் தேடுங்கள். இடம் குறைவதால் ஒரு படி வேகமான மருந்து அங்கே பொருந்துவது வழக்கம்.

ரைஃபிளின் வலிமையையும் இப்போதே குறித்து வையுங்கள். 1873-இல் பிறந்த .45-70 தோட்டாவுக்கு நல்ல மேனுவல்கள் மூன்று தனித்தனிப் பட்டியல் தருகின்றன: பழைய, வலு குறைந்த டிராப்டோர் ரைஃபிளுக்கு ஒன்று, இக்கால லீவர் ரைஃபிளுக்கு ஒன்று, வலுவான ஒற்றைக் குண்டு ரைஃபிளுக்கு ஒன்று. தோட்டா ஒன்றுதான். மூன்றாம் பட்டியலின் அளவை முதல் ரைஃபிளில் போட்டால் ரைஃபிள் உடையும். 8×57 தோட்டாவும் இப்படித்தான். ஐரோப்பிய சி.ஐ.பி. தரத்தில் அதற்கு 3,900 பார் அழுத்தம் வரை அனுமதி. அமெரிக்க எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. தரத்திலோ 35,000 பிஎஸ்ஐ மட்டும், அதாவது சுமார் 2,400 பார். குழலின் உள்விட்டம் குறுகலான மிகப் பழைய ரைஃபிள்கள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் வைத்த எல்லை அது. எந்த மேனுவல் எந்த ரைஃபிளை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுக்கக் கூடாது.

படி 2: கூடும் குழலும் சொல்லும் எரிவேகம்

தேர்வின் மையம் இதுதான். கூட்டின் கொள்ளளவு பெரிதாகவும் குழல் குறுகலாகவும் இருந்தால் மெதுவான மருந்து வேண்டும். கூடு சிறியதாகவும் குழல் அகலமாகவும் இருந்தால் வேகமான மருந்து. குண்டின் எடை கூடினால் ஒரு படி மெதுவாக, குறைந்தால் ஒரு படி வேகமாக நகர வேண்டும்.

ஏன் என்று புரிய, ஒரே குடும்பத்தின் மூன்று தோட்டாக்களைப் பாருங்கள். .308 வின்செஸ்டர் கூட்டின் கழுத்தைக் குறுக்கினால் .243 வின்செஸ்டர். விரித்தால் .358 வின்செஸ்டர் (எண்கள் குண்டின் விட்டம், அங்குலத்தில்). உடம்பு மூன்றுக்கும் ஒன்றே. .308 குண்டின் குறுக்குப் பரப்பு .243 குண்டைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். அகலமான குண்டு கொஞ்சம் முன்னேறினாலே பின்னால் நிறைய இடம் திறக்கும், வாயு விரியும், அழுத்தம் தணியும். குறுகலான குழலில் அந்த இடம் நிதானமாகத்தான் திறக்கும். எனவே வாயுவும் நிதானமாகத்தான் வர வேண்டும். இதனால்தான் .358-க்கு ஐ.எம்.ஆர். 3031, ஹெச் 4895 வரிசை பொருந்துகிறது. .308-இல் 150, 165 கிரெய்ன் குண்டுகளுக்கு வார்கெட், ஐ.எம்.ஆர். 4064, ரீலோடர் 15, விட்டாவூரி என் 140 போன்றவை. .243-இல் 100 கிரெய்ன் குண்டுக்கு ஹெச் 4350, ஹெச் 4831, ரீலோடர் 19, என் 160 பக்கம் போக வேண்டியிருக்கிறது.

இன்னொரு உதாரணம் பலரைத் திகைக்க வைக்கும். 1912-இல் வந்த .375 ஹெச் அண்ட் ஹெச் மாக்னம் பெரிய கூடு. பெரிய கூடு என்றால் மிக மெதுவான மருந்து என்று நினைப்போம். ஆனால் குழலும் அகலம் என்பதால் ரீலோடர் 15, ஹெச் 4350 போன்ற நடுத்தர மருந்துகளே அங்கே நன்றாக வேலை செய்கின்றன. கொள்ளளவில் அதே சாயலில் உள்ள .300 வின்செஸ்டர் மாக்னம், குழல் குறுகல் என்பதால், ஹெச் 4831, ரீலோடர் 22, ஐ.எம்.ஆர். 7828, ஹெச் 1000 என்று கேட்கும். 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மாக்னமும் இதே பக்கம்தான்.

நடுவில் உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். .223 ரெமிங்டனுக்கு ஹெச் 335, டி.ஏ.சி., பெஞ்ச்மார்க், என் 133, கனமான குண்டுக்கு வார்கெட். .30-30-க்கு ஐ.எம்.ஆர். 3031 நெடுங்காலத் துணை. 6.5 கிரீட்மூருக்கு ஹெச் 4350, ரீலோடர் 16. .270 வின்செஸ்டருக்கு ஹெச் 4831. .30-06-இல் லேசான குண்டுக்கு 4064, 4895. கனமான குண்டுக்கு 4350 வகை. இவை தேடத் தொடங்கும் இடங்கள் மட்டுமே.

எரிவேகப் பட்டியல் என்று எல்லா மருந்தையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்திய ஒரு தாள் எங்கும் கிடைக்கும். திசை காட்ட அது போதும். அளவு கணக்கிட அதைப் பயன்படுத்தவே கூடாது. 60-ஆம் இடத்துக்கும் 61-ஆம் இடத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு நூலிழையாக இருக்கலாம், பெரும் பள்ளமாகவும் இருக்கலாம். கூடு மாறினால் வரிசையே இடம் மாறும். பட்டியலில் பக்கத்தில் இருக்கிறது என்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடுவது, நான் கேள்விப்பட்ட தவறுகளிலேயே மிகவும் கொடியது.

படி 3: மேனுவலிலிருந்து குறும்பட்டியல்

இப்போது மேனுவலைத் திறக்கலாம். குண்டு தயாரிப்பாளரின் மேனுவல் ஒன்று, மருந்து தயாரிப்பாளரின் தரவு ஒன்று, குறைந்தது இந்த இரண்டையும் அருகருகே வையுங்கள். எண்கள் முழுக்க ஒத்துப்போகாது. சோதித்த குழலும் கூடும் பிரைமரும் வேறு வேறு. உச்ச அளவு குறைவாக இருப்பதையே உங்கள் உச்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குண்டுக்குக் கொடுத்துள்ள மருந்துகளில் வேகத்தை மட்டும் பார்க்காமல் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: கிடைக்கும் வேகம், அந்த வேகத்தில் அழுத்தம், கூடு எவ்வளவு நிரம்புகிறது. சில மேனுவல்கள் அழுத்தத்தையும் நிரப்பு சதவீதத்தையும் அச்சிடுகின்றன. அப்படிப்பட்டது கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய பதிப்புகளில் அழுத்தம் சி.யு.பி. என்ற அளவில் இருக்கும். அதை பிஎஸ்ஐ ஆக மாற்ற நம்பகமான சூத்திரம் கிடையாது. இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

நிரப்பு அளவு பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். கூட்டின் 90 முதல் 100 சதவீதம் வரை நிரப்பும் மருந்தை நான் எப்போதும் முன்னால் வைப்பேன். கூட்டுக்குள் காலி இடம் நிறைய இருந்தால், துப்பாக்கியைக் கீழே சாய்த்துச் சுடும்போது மருந்து குண்டின் பக்கம் சரியும். மேலே தூக்கிச் சுடும்போது பிரைமர் பக்கம் சரியும். பற்றும் விதம் மாறும், வேகமும் மாறும். சரிவில் நின்று மேலும் கீழும் சுட வேண்டிய வேட்டையில் இது உண்மையான பிரச்சினை.

அதைவிட முக்கியமானது பாதுகாப்பு. கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் மருந்தைத் தவறுதலாக இரண்டு முறை போட்டால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். கைத்துப்பாக்கிக்கான வேக மருந்து அப்படியில்லை. ரைஃபிள் கூட்டின் அடியில் கொஞ்சமாக உட்கார்ந்துகொள்ளும், இரண்டு மடங்கு விழுந்தாலும் தெரியாது. ரைஃபிள் சிதறிய விபத்துகளில் இந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது.

மறுமுனையிலும் ஆபத்து உண்டு. மெதுவான மருந்தைப் பெரிய கூட்டில் தொடக்க அளவுக்கும் கீழே குறைத்துப் போட்டால் சீராகப் பற்றாமல் திடீரென்று அழுத்தம் எகிறிய சம்பவங்கள் பதிவாகியுள்ளன. உதை குறைவான தோட்டா வேண்டுமென்றால் அதற்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்தைத் தேர்ந்தெடுங்கள். ஹெச் 4895-ஐ, அது பட்டியலில் உள்ள தோட்டாவுக்கு, உச்ச அளவில் 60 சதவீதமாக இருக்கும் வரை இறக்கலாம் என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது. அந்தச் சலுகையை வேறு மருந்துக்கு நீட்டிக்கக் கூடாது.

குண்டு பொருத்தும்போது மருந்து நெரிபடும் அளவுகளை மேனுவல்கள் தனியாகக் குறித்திருக்கும். அந்தக் குறி இருந்தால் மட்டும் நெரிக்கலாம்.

இந்தச் சல்லடையில் சலித்த பிறகு நான்கைந்து பெயர்கள் மிஞ்சும்.

படி 4: வெயிலும் பனியும்

மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும், குளிர்ந்திருந்தால் மெதுவாக. எல்லா மருந்துக்கும் இது பொருந்தும். எவ்வளவு மாறும் என்பதில்தான் வித்தியாசம். கோடையில் உச்ச அளவில் குறி சரிசெய்து, உறைபனியில் வேட்டைக்குப் போனால் குண்டு கீழே படும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் உச்சத்தைத் தொட்டுச் செய்த தோட்டாவை அடுத்த கோடையில், வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்துச் சுடுவது பெரிய ஆபத்து. அழுத்தம் எல்லையைத் தாண்டும், போல்ட் (ரைஃபிளின் பின்புறத்தை அடைக்கும் பாகம்) இறுகும், சில வேளை பிரைமர் கழன்று விழும்.

ஹாட்ஜ்டனின் எக்ஸ்ட்ரீம் வரிசை இந்த மாற்றத்தைக் குறைக்கவே வடிவமைக்கப்பட்டது. வார்கெட், ஹெச் 4895, ஹெச் 4350, ஹெச் 4831 எஸ்.சி., ஹெச் 1000, ரிடம்போ எல்லாம் இந்த வரிசையில் வரும். இவை ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையில் தயாராகின்றன. இரட்டை அடிப்படை மருந்துகளும் உருண்டை மருந்துகளும் பொதுவாக வெப்பத்துக்கு அதிகமாக ஆடும். ஆனால் விதிவிலக்குகள் பெருகிவிட்டன. ரீலோடர் 16 இரட்டை அடிப்படை மருந்தாக இருந்தும் நிலையானது என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஆகவே வகையை வைத்து ஒதுக்காமல், குறிப்பிட்ட மருந்தைப் பற்றிக் கேட்டு, முடிந்தால் சோதித்து முடிவெடுங்கள்.

சோதிப்பது எளிது. உச்சத்துக்குக் கணிசமாகக் கீழே உள்ள ஓர் அளவில் தோட்டாக்கள் செய்து, பாதியை ஐஸ் பெட்டியில் ஈரம் படாமல் வையுங்கள். மீதியை நிழலில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். அடுப்பு, ஹீட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். குழல் சூடேறாமல் நிதானமாக, குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் வைத்துச் சுட்டுப் பாருங்கள். தோட்டாவைச் சூடான சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) சில நிமிடங்கள் விட்டாலே மருந்து சூடாகிவிடும். எனவே உள்ளே தள்ளியவுடன் சுட வேண்டும்.

நீங்கள் வேட்டையாடும் காலம் முழுக்க வெப்பம் பெரிதாக மாறாது என்றால் இந்தப் படிக்கு அவ்வளவு எடை தர வேண்டாம். அங்கே மற்ற குணங்கள் மேலே வரட்டும்.

படி 5: குச்சியா, உருண்டையா

குச்சி மருந்து பெரும்பாலும் ஒற்றை அடிப்படை, பற்றுவதற்கு எளிது. குறை என்னவென்றால், அளவுக்கருவியில் சீராக விழாது. நீளமான மணிகள் கருவியின் விளிம்பில் நறுக்கென்று வெட்டுப்படும், புனலின் கழுத்தில் குறுக்கே பாலம் கட்டி நின்றுவிடும். அப்படி நின்றால் ஒரு கூட்டில் குறைவாகவும் அடுத்ததில் அதிகமாகவும் விழும். நிரப்பிய கூடுகளை வரிசையாக வைத்து, குண்டு பொருத்தும் முன் விளக்கடித்து மட்டம் பார்ப்பதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். ஹெச் 4831 எஸ்.சி. போன்ற குட்டை மணி வடிவங்கள் இந்தத் தொல்லையைக் குறைக்கவே வந்தன.

உருண்டை மருந்து தண்ணீர் மாதிரி ஒழுகும். அளவுக்கருவியிலிருந்து நேராகக் கூட்டுக்குள் போட்டாலும் அளவு பிசகாது. எண்ணிக்கை அதிகமாகத் தேவைப்படும் .223 போன்றவற்றுக்கு இது வரம். ஆனால் அதன் எரிவேகத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் மேற்பூச்சுதான். அந்தப் பூச்சு தடிமனாக இருப்பதால் பற்ற வைக்கச் சூடான பிரைமர் கேட்கும், கடுங்குளிரில் இன்னும் அதிகமாகவே கேட்கும். பல மேனுவல்கள் உருண்டை மருந்துக்கு மாக்னம் பிரைமர் குறிப்பது இதனால்தான். பிரைமரை மாற்றினால் அளவைக் குறைத்து முதலிலிருந்து ஏறி வர வேண்டும்.

இரட்டை அடிப்படை மருந்து எடைக்கு எடை அதிக ஆற்றல் தரும். விட்டாவூரியின் என் 500 வரிசை, ரீலோடர் 26 போன்றவை மாக்னம் கூடுகளில் வியக்க வைக்கும் வேகம் தருகின்றன. அதற்கு ஈடாகச் சுடர் வெப்பம் கூடும், குழலின் தொண்டைப் பகுதி சீக்கிரம் அரிக்கும். வருடத்தில் சில தோட்டா மட்டும் சுடும் வேட்டை ரைஃபிளுக்கு இந்த அரிப்பு பெரிய விஷயமல்ல. அதே ரைஃபிளால் பயிற்சியும் நிறைய செய்வீர்கள் என்றால் யோசிக்க வேண்டும்.

சி.எஃப்.இ. 223 போன்ற சில மருந்துகளில், குழலில் செம்பு படிவதைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். நல்லதுதான். அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

படி 6: குட்டைக் குழலும் அந்திநேரமும்

குட்டைக் குழலுக்கு வேகமான மருந்துதான் சரி என்ற பேச்சு பரவலாக உண்டு. உண்மை வேறு. பாதுகாப்பான அழுத்தத்துக்குள் நீளக் குழலில் அதிக வேகம் தரும் மருந்துதான் பெரும்பாலும் குட்டைக் குழலிலும் அதிக வேகம் தரும். குண்டைத் தள்ளும் அழுத்தத்தின் உச்சம் குழலின் முதல் சில அங்குலத்திலேயே வந்துபோய்விடுகிறது.

குட்டைக் குழலில் மாறுவது வாய்த்தீயும் சத்தமும். அந்தியிலும் விடியலிலும் சுடுபவருக்குத் தீப்பிழம்பு கண்ணைக் கூசச் செய்து, விலங்கு எந்தப் பக்கம் போனது என்று பார்க்க முடியாமல் செய்துவிடும். மருந்துக்கு மருந்து இதில் பெரிய வேறுபாடு உண்டு. சிலவற்றில் தீயை அடக்கும் உப்புகள் கலந்திருக்கும். மங்கலான வெளிச்சத்தில் ஒரு முறை சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த வேளையில் வேட்டையாடுபவர் என்றால், வேகத்தில் நொடிக்கு முப்பது நாற்பது அடியை விட்டுக்கொடுத்துத் தீ குறைவான மருந்தை எடுக்கலாம். அந்த வேக வித்தியாசத்தை எந்த மானும் உணரப்போவதில்லை.

ஒரு தேர்வு, தொடக்கம் முதல் முடிவு வரை

.30-06, 165 கிரெய்ன் ஈயக் கருக் குண்டு, 22 அங்குலக் குழல். இலையுதிர்காலத்தின் இளவெயிலில் தொடங்கி உறைபனி வரை வேட்டை. சுடுவது அதிகமும் அந்தியில்.

மேனுவலில் இந்தக் குண்டுக்கு ஐ.எம்.ஆர். 4064, வார்கெட், ஹெச் 4350, வின்செஸ்டர் 760, ரீலோடர் 19 போன்றவை வரும் என்று வைத்துக்கொள்வோம். 760 அழகாக ஒழுகும். ஆனால் உருண்டை மருந்து, வெப்பத்துக்கு ஆடக்கூடியது, இந்த வானிலைக்கு அதைக் கீழே இறக்குகிறேன். ரீலோடர் 19 வேகம் தரும், வெப்ப விஷயத்தில் அதே தயக்கம். 4064-உம் வார்கெட்டும் நிதானமானவை, 150 கிரெய்ன் குண்டு என்றால் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுவேன். 165-க்கு ஹெச் 4350 கூட்டை நன்றாக நிரப்புகிறது, வேகமும் கூடுதல், வெப்பத்திலும் அசையாது. நாளைக்கு 180 கிரெய்ன் குண்டுக்கு மாறினாலும் அதே டப்பா உதவும். நீள மணியால் வரும் அளவுச் சிரமத்தை, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துச் சமாளிக்கலாம். வேட்டைத் தோட்டா ஆயிரக்கணக்கில் தேவைப்படாது.

ஹெச் 4350 கிடைக்கவில்லை என்றால் அடுத்து வார்கெட். ஐ.எம்.ஆர். 4350 கிடைத்தாலும் நல்லதே, அதற்கென்று உள்ள தரவோடு, புதிதாகத் தொடங்கி.

படி 7: வாங்கும்போது

ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். 45 கிரெய்ன் குடிக்கும் தோட்டா என்றால் 155 தோட்டா வரும். 75 கிரெய்ன் மாக்னம் என்றால் 93 மட்டும். அளவு கண்டுபிடிக்கும் சோதனைக்கே கணிசமாகப் போய்விடும். முதலில் ஒரு பவுண்டு வாங்கி உங்கள் ரைஃபிளுக்குப் பிடிக்கிறதா பாருங்கள். பிடித்தால் உடனே அதே லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண்ணில் பெரிய டப்பாவாக வாங்கிவிடுங்கள். லாட்டுக்கு லாட் சிறிய வேறுபாடு இருக்கும்.

முத்திரை உடைந்த டப்பா, லேபிள் இல்லாத ஜாடி, யாரோ மிச்சம் வைத்த மருந்து, இவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். மருந்தைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண யாராலும் முடியாது.

படி 8: அளவை ஏற்றிச் செல்வது

மேனுவல் சொல்லும் தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். உச்சம் மட்டும் போட்டிருந்தால் அதில் 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம். .308 அளவுள்ள கூடுகளில் 0.3 முதல் 0.5 கிரெய்ன் வரை, .223-இல் 0.2 கிரெய்ன் என்று படிப்படியாக ஏற்றலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கூட்டின் தயாரிப்பு மாறினாலும் உள் கொள்ளளவு மாறும், அழுத்தமும் மாறும்.

தட்டையான பிரைமர், கூட்டின் அடியில் எஜெக்டரின் (கூட்டை வெளியே தள்ளும் பாகம்) பளபளப்பான தடம், போல்ட்டைத் தூக்கச் சிரமம், பிரைமர் குழி தளர்வது எல்லாம் அதிக அழுத்தத்தின் அடையாளங்கள். ஆனால் இவை தாமதமாக வரும் சாட்சிகள். கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். இவை தெரியவில்லை என்பதால் பத்திரம் என்றும் அர்த்தமில்லை. க்ரோனோகிராஃப்தான் நேர்மையான துணை. குழல் நீள வித்தியாசத்தைக் கழித்த பிறகும் மேனுவல் சொல்லும் உச்ச வேகத்தை நீங்கள் தொட்டுவிட்டால், அளவு இன்னும் உச்சத்தை எட்டவில்லை என்றாலும் நிறுத்துங்கள். வேகம் அங்கே வந்துவிட்டது என்றால் அழுத்தமும் வந்துவிட்டது.

அடுத்தடுத்த இரண்டு மூன்று அளவுகளில் குண்டுகள் ஒரே இடத்தில் விழும் பகுதி ஒன்று கிடைக்கும். அதன் நடுவே உள்ள அளவை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் வெப்பம் மாறினாலும், தராசு ஒரு துளி பிசகினாலும், குண்டு அதே இடத்துக்குப் போகும். மருந்து பொருந்தவில்லை என்றால் இந்தப் பகுதியே கிடைக்காது. அப்போது உச்சத்தைத் தாண்டித் தேடாமல் குறும்பட்டியலின் அடுத்த பெயருக்குப் போங்கள்.

படி 9: பெஞ்சிலும் அலமாரியிலும்

பெஞ்சில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. வேலை முடிந்ததும் அளவுக்கருவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட வேண்டும். ராத்திரி முழுக்கக் கருவியில் விட்டுவைத்தால் மறுநாள் காலையில் அது எந்த மருந்து என்ற சந்தேகம் வரும். சந்தேகம் வந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. இன்னொரு காரணமும் உண்டு. திறந்து கிடக்கும் மருந்து காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், அல்லது இழக்கும். காய்ந்த மருந்து வேகமாக எரியும்.

டப்பாக்களைக் குளிர்ச்சியான, உலர்ந்த, வெயில் படாத இடத்தில், அவற்றின் சொந்த டப்பாவிலேயே, பிரைமர்களிலிருந்து தள்ளி வையுங்கள். கனமான இரும்புப் பெட்டியில் பூட்டுவது நல்லதல்ல. தீ பிடித்தால் வாயு வெளியேற வழியில்லாமல் அடைபட்டு வெடிக்கும். திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுதுங்கள்.

நன்றாக வைத்த மருந்து பல பத்தாண்டுகள் தாங்கும். கெடத் தொடங்கினால் மூக்கைச் சுளிக்க வைக்கும் அமில வாடை வரும், மூடியைத் திறக்கும்போது செம்பழுப்புத் தூசியோ ஆவியோ தெரியும். அந்த டப்பாவையும், அதிலிருந்து நிரப்பிய தோட்டாக்களையும் வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது. தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி அப்புறப்படுத்துங்கள். புது லாட் திறக்கும்போது பழைய லாட்டின் மிச்சத்தை அதில் கலக்காதீர்கள். பழையதை வைத்துப் பயிற்சித் தோட்டா செய்து தீர்த்துவிடுங்கள். புது லாட்டுக்கு ஒரு கிரெய்ன் குறைத்துத் தொடங்கி, க்ரோனோகிராஃபில் பழைய வேகம் வரும் வரை ஏற்றி, குறி எங்கே படுகிறது என்று மறுபடி பாருங்கள்.